"நீங்க உக்காருங்க சார்": பார்வையற்ற இளநிலை உதவியாளருக்கு என்ன வேலை கொடுப்பது?

கேட்டவர் குன்னூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கேள்வியின் சுருக்கம் இது: "குரூப் 4 தேர்வில் தேறிய, முழுவதும் பார்வையற்ற இளைஞர் ஒருவர் அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்கிறார். எங்களுடையது பழைய கட்டடம், படிகள் அதிகம். பாதிக் கோப்புகள் இன்னும் காகிதம்தான். அவருக்கு என்ன வேலை கொடுப்பது? துணைக்குத் தனியாக ஓர் ஆளைப் போட வேண்டுமா? இவர்களை மலையில் போடாமல் கோவை, ஈரோடு பக்கம் போட்டால் அவர்களுக்கே நல்லதில்லையா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை அப்படியே விட்டுவிட்டால் மற்ற இரண்டுக்கும் சரியான பதில் வராது.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் போனது. காலிப்பர் என்ற தாங்குகருவியைக் காலில் போட்டுத்தான் நடப்பேன். 1996 முதல் 2023 வரை, 27 வருடம், நீலகிரி மாவட்டத்திலேயே வெவ்வேறு அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வேலையில் சேர்ந்த முதல் நாள், உங்களைப் போலவே நல்ல மனசுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்த மேட்டுல ஏறி இறங்கி எதுக்குக் கஷ்டப்படறீங்க? மேட்டுப்பாளையம் பக்கம் மாறுதல் கேட்டு வாங்கிட்டுப் போயிடுங்களேன்." என் வீடு அந்த அலுவலகத்திலிருந்து நாலு கிலோமீட்டர். நான் பிறந்ததும், நடக்கக் கற்றதும், விழக் கற்றதும் இந்த மேட்டில்தான். மேட்டுப்பாளையத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. சமவெளி எனக்குச் சுலபமாக இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார், என்னிடம் கேட்கவில்லை.

உங்களிடம் வரப்போகிற பையன் எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கோத்தகிரியாக இருந்தால் குன்னூர் அவருக்கு ஒரு பஸ் தூரம். ராமநாதபுரமாக இருந்தால் அவரே மாறுதல் கேட்கலாம். மாற்றுத்திறனாளிப் பணியாளரின் பணியிடம், மாறுதல் பற்றி அரசு கொள்கை வகுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கேட்க வேண்டியவர் அவர். அவர் சார்பில் நீங்கள் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான்.

அப்புறம் இன்னொன்று. பல வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த பார்வையற்ற நண்பர் ஒருவர் சொல்வார், மலை தனக்குச் சமவெளியைவிட வசதி என்று. சமவெளியில் எல்லாத் தெருவும் காலுக்கு ஒரே மாதிரி இருக்கும். இங்கே பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை அடியில் ஏற்றம் தொடங்குகிறது, எந்த வளைவில் காற்று முகத்தில் அடிக்கிறது, எந்த இடத்தில் ஓடைச் சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு பெயர்ப்பலகை. எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் கஷ்டம் என்று நினைப்பதும் அவர் கஷ்டம் என்று நினைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சரி, என்ன வேலை கொடுப்பது?

என் கதையை முடித்துவிட்டுச் சொல்கிறேன். மாறுதல் வேண்டாம் என்று நான் சொன்னதும், ஜன்னல் ஓரமாக, காலை வெயில் விழும் நாற்காலியாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஊட்டிக் குளிரில் அது பெரிய சலுகை. "நீங்க உக்காருங்க சார்" என்றார்கள். வருகிற தபாலில் தேதி முத்திரை குத்துவதுதான் வேலை. பதினொன்றரைக்கு அது முடிந்துவிடும். ஒன்றே முக்கால் வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் திட்டியதில்லை, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்ததில்லை, தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்டதில்லை. தன்பதிவேடு, அதாவது என்னிடம் வந்த கடிதங்களின் கணக்கு, எழுதத் தெரியாது, கோப்பு நகர்த்தத் தெரியாது, வரைவு எழுதத் தெரியாது. என்னோடு சேர்ந்தவர்கள் துறைத் தேர்வுகளை முடித்து உதவியாளர் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிறகு புதிதாக ஒரு கண்காணிப்பாளர் அம்மா வந்தார். இரண்டாம் நாளே, ஓய்வு பெற்றவர் ஒருவரின் இருக்கையை, நூற்றுச்சொச்சம் நிலுவைக் கோப்புகளோடு என் தலையில் கட்டினார். அடுத்த வாரம் ஒரு நினைவூட்டுக்குப் பதில் போகவில்லை என்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: அவருக்கு ஓர் இருக்கையைக் கொடுங்கள். நாற்காலியைச் சொல்லவில்லை, அலுவலக அர்த்தத்தில் இருக்கை. அ2 என்றோ ஆ3 என்றோ பெயரிட்ட, தன்பதிவேடும் நிலுவைப் பட்டியலும் உள்ள, மாதக் கடைசியில் நீங்கள் கணக்குக் கேட்கக்கூடிய ஒன்று.

இளநிலை உதவியாளர் வேலையை உடைத்துப் பாருங்கள். வந்த கடிதத்தை வாசிப்பது, பதிவது, பழைய கோப்போடு சேர்ப்பது, விதியைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது, வரைவு போடுவது, அனுப்புவது, பதில் வராவிட்டால் நினைவூட்டுவது. இதில் கண் கட்டாயம் வேண்டிய இடம் காகிதத்தில் உள்ளதை வாசிப்பதும் கோப்பைத் தேடி எடுப்பதும்தான். மற்றதெல்லாம் மூளை வேலை. முதலில் பணியமைப்பு (ஊழியர்களின் விடுப்பு, ஊதியம் போன்றவை), தகவல் உரிமைச் சட்ட மனுக்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நிலுவை அறிக்கைகள் போன்ற இருக்கைகளில் ஒன்றைக் கொடுக்கலாம். கள ஆய்வும் வரைபடமும் உள்ள இருக்கையைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். ஆனால் இது என் ஊகம். அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். படித்து, போட்டித் தேர்வு எழுதி வந்தவர் அவர். எப்படிப் படித்தாரோ அப்படித்தான் வேலையும் பார்ப்பார்.

கணினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அலுவலகங்களில் எல்லாம் சிக்குவது இங்கேதான். திரைவாசிப்பான் என்று ஒரு மென்பொருள் உண்டு. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும். என்விடிஏ என்பது இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006இல் தொடங்கியது. தமிழையும் படிக்கும். காசு கேட்டு நிதித்துறைக்கு எழுத வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் நிறுவிவிடலாம். பையனே தன் ஹெட்போனோடு வந்து நிறுவிக்கொள்வார்.

ஆனால் அது படிக்க வேண்டுமானால் கோப்பு யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், இருக்க வேண்டும். நம் தட்டச்சர்களில் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் உங்கள் கண்ணுக்கு 'அம்மா' தெரியும். கணினிக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் பாவம், அதைத்தான் படிக்கும். உங்கள் சுற்றறிக்கை முழுவதும் அவர் காதில் இப்படித்தான் விழும். யூனிகோடையும், அச்சு போன்ற தேவைகளுக்கு டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்கச் சொல்லித் தமிழக அரசு 2010லேயே ஆணை போட்டுவிட்டது, கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அந்த ஜூன் மாதத்தில். அதைப் புதிதாக யாருக்காகவும் செய்யப்போவதில்லை, பதினைந்து வருடம் தாமதமாகச் செய்யப்போகிறீர்கள். பழைய மாதிரிப் படிவங்களை மாற்றித் தர இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. அவர் சேருவதற்குள் உங்கள் அலுவலகத்தில் அதிகம் புழங்குகிற ஒரு முப்பது படிவங்களை மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதனால் உங்களுக்கும் லாபம் உண்டு. யூனிகோடில் அடித்த கோப்பைத்தான் கணினியில் தமிழிலேயே தேட முடியும்.

அடுத்தது ஸ்கேன். கடிதத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அது படம், எழுத்து இல்லை. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. தெளிவான அச்சுத் தமிழை நன்றாகவே எடுக்கின்றன. கையெழுத்து மனுக்கள்தான் தகராறு. நம் மக்கள் எழுதும் மனு சில சமயம் எனக்கே புரிந்ததில்லை, மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கேதான் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில். துணைக்கு முழு நேர ஆள் வேண்டாம். தினமும் காலையில் அரைமணியோ முக்கால் மணியோ, கையெழுத்துத் தபாலை யாராவது வாசித்துக் காட்டினால் போதும். பக்கத்து இருக்கைக்காரர் வாசிக்கட்டும், பதிலுக்கு அவருடைய இரண்டு வரைவை இவர் போட்டுக் கொடுக்கட்டும். நான் பார்த்த அலுவலகத்தில் இது இப்படித்தான் நடந்தது. உத்தரவு எதுவும் போடவில்லை, டீ செலவில் ஏற்பட்ட ஒப்பந்தம்.

"தெரியாமல் எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டால்?" என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். கண் நன்றாகத் தெரிகிற எத்தனை பேர், கோப்பைப் படிக்காமல், கொடி வைத்த இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் குறிப்பை அவரே தட்டச்சு செய்து, அச்செடுத்து, இன்னொருவர் ஒருமுறை வாசிக்கக் கேட்டுக் கையெழுத்திட்டால் அதுவே போதுமான காவல். கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் மின் அலுவலகம் வந்துவிட்டால் இந்தக் கவலையும் குறையும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பார்வையின்மையைக் காரணம் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்பளித்து, மத்தியப் பிரதேச விதி ஒன்றைச் செல்லாததாக்கியது. முழுவதும் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெஃபின் 2015லேயே இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்துவிட்டார். வழக்கு விசாரித்துத் தீர்ப்பு எழுதலாம், வெளிநாட்டில் தூதரக வேலை பார்க்கலாம், குன்னூரில் நினைவூட்டு போட முடியாதா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்கள் அலுவலர் "எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. எல்லாரும் அதில் 34ஆம் பிரிவைத்தான் பேசுவார்கள், அதாவது 4 விழுக்காடு ஒதுக்கீடு. உங்களுக்கு வேண்டியது 20ஆம் பிரிவு. ஒவ்வொரு அரசு நிறுவனமும் தன் மாற்றுத்திறனாளிப் பணியாளருக்குத் தேவைக்கேற்ற நியாயமான வசதியையும் தடையற்ற சூழலையும் தர வேண்டும் என்கிறது அது. அந்த வசதியை மறுப்பதே பாகுபாடு என்று 2ஆம் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். திரைவாசிப்பான், யூனிகோடு கோப்பு, தரைத்தளத்தில் இடம் எல்லாம் அதில் அடங்கும். 21ஆம் பிரிவின்படி அலுவலகத்துக்குச் சமவாய்ப்புக் கொள்கை ஒன்று இருக்க வேண்டும், 23ஆம் பிரிவின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். உங்கள் துறையில் அவர் யார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டடம். சாய்தளம் கட்டுகிறோம் என்று பொதுப்பணித்துறைக்கு எழுதினால் அவர்கள் கணக்குச் சொல்வார்கள்: ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம். நம் ஊர்க் கட்டடங்களில் சாலைக்கும் வாசலுக்கும் இடையே இருபது படி என்பது சாதாரணம். படிக்கு 15 செண்டிமீட்டர் வைத்தாலும் மூன்று மீட்டர் உயரம். முப்பத்தாறு மீட்டர் சாய்தளம், நடுநடுவே திரும்பவும் மூச்சு வாங்கவும் சமதளம் வேறு. அதற்கு இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் இங்கே பல அலுவலகங்களில் சாய்தளம் என்ற பெயரில், தண்ணீர் லாரியைக்கூட நிறுத்த முடியாத செங்குத்தில் ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் பாசி பிடித்திருக்கும். நான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை, படிதான் எனக்குப் பத்திரம். சக்கர நாற்காலிக்காரர் தனியாக அதில் ஏறினால் பின்னோக்கி உருண்டு விடுவார்.

உங்களிடம் வருபவர் நடப்பவர். அவருக்குச் சாய்தளம் அவசரமில்லை. படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி, பாசி சுரண்டிய படிகள், நடைவழியில் குறுக்கே கிடக்கும் பழைய பீரோக்களை அப்புறப்படுத்துவது, இவ்வளவே. பீரோவை ஒருமுறை நகர்த்தினால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும், முக்கியம். ஓரளவு பார்வை உள்ள ஒருவர் நாளை வரலாம், அவருக்காகப் படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மூடுபனி நாளில் உங்களுக்கும் அது உதவும். சக்கர நாற்காலியில் பொதுமக்கள் யாராவது வந்தால், அலுவலர் கீழே இறங்கி வந்து மனு வாங்க ஒரு தரைத்தள அறை இருக்கட்டும்.

கழிப்பறை. இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வெட்கப்படுகிறோம். நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் கழிப்பறை முற்றத்துக்கு அப்பால், ஆறு படி கீழே, குந்தி உட்காரும் வகை. காலிப்பர் போட்டவன் குந்த முடியாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை திரும்பும்வரை நான் தண்ணீர் குடிக்கமாட்டேன். இப்படியே நாலு வருடம். சிறுநீரகத்தில் கல் வந்த பிறகுதான் மருத்துவர் சொல்லி எழுதிக் கேட்டேன், ஒரு மேற்கத்திய கோப்பையும் சுவரில் ஒரு கம்பியும் வந்தன. செலவு ஒரு நாள் விருந்தினர் உபசரிப்பைவிடக் குறைவு. பெண் பணியாளர் என்றால் இந்த அவதி இரட்டிப்பு. கூடலூர் பக்கம் ஒரு சக ஊழியர், கால் பாதிப்பு உள்ளவர், இதற்காகவே மதியத்துக்கு மேல் விடுப்புப் போட்டு வீட்டுக்குப் போவார். அவருக்கு வேலையில் அக்கறை இல்லை என்று அலுவலகத்தில் பெயர்.

பஸ் பற்றி உங்களுக்கே தெரியும். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் நல்ல கால் உள்ளவரும் பதினோரு மணிக்குத்தான் வந்து சேருவார். அவருக்கு அரைமணி முன்பின் வர எழுத்தில் ஓர் அனுமதி கொடுத்துவிடுங்கள். வாய்மொழி அனுமதி அடுத்த அலுவலர் வந்ததும் ஆவியாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், அது நம் மாவட்டத்துக்கே உரிய சங்கதி. மாற்றுத்திறனாளி என்றால் நம் மனதில் வருவது கோலும் சக்கர நாற்காலியும். பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. அதில் ஒன்று அரிவாள் செல் நோய். ரத்தத்தில் உள்ள சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். மூட்டிலும் எலும்பிலும் தாங்க முடியாத வலி வரும். இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952இல், இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது தெரிந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் உண்டு.

இப்போது வினோதத்தைக் கேளுங்கள். 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு விழுக்காடு. நாலாவது ஒன்று, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து. அரிவாள் செல், தாலசீமியா, ஹீமோஃபிலியா எதிலும் இல்லை. அதாவது மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும், ஒதுக்கீடு கிடையாது. இது சரியில்லை என்பது என் கருத்து. இந்த மாவட்டத்துக்காரன் வேறு எப்படி நினைக்க முடியும்?

ஆனால் நான் சொன்ன 20ஆம் பிரிவு ஒதுக்கீட்டில் வந்தவருக்கு மட்டுமானதில்லை. பழங்குடி ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, இந்த நோயோடு இருக்கும் ஒருவருக்கும் நியாயமான வசதி பெற உரிமை உண்டு. அவருக்கு அது என்ன தெரியுமா? குளிரில் இந்த வலி கிளம்பும். கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஒரு துறையில் கூடலூர்ப் பெண் ஒருவரை டிசம்பரில் ஊட்டிக்கு மாற்றினார்கள், நிர்வாகக் காரணம். மாதம் நாலு நாள் மருத்துவ விடுப்பு, பிறகு குறிப்பாணை, விளக்கம், மறுபடி குறிப்பாணை. நோயின் பெயரைச் சொன்னால் பரம்பரை வியாதி என்று பேசுவார்கள் என அவர் வாயே திறக்கவில்லை. யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லி, மருத்துவச் சான்றோடு விண்ணப்பம் போட்டு, திரும்பக் கூடலூருக்குப் போனார். குறிப்பாணைகள் மட்டும் பணிப்பதிவேட்டோடு இருக்கின்றன. உங்களிடம் அடிக்கடி விடுப்பு எடுக்கும் ஆள் யாராவது இருந்தால், தனியாக அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

செவித்திறன் குறைந்தவர்கள் வந்தால் வேலை ஏறக்குறைய சுலபம்: தொலைபேசி இருக்கையைக் கொடுக்காதீர்கள், பேச வேண்டியதை எழுதிவிடுங்கள், கூட்டத்தின் முடிவுகளை அன்றே எழுத்தில் கொடுங்கள். முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினால் உதட்டைப் படிப்பவர்களும் உண்டு. கத்துவதால் பயனில்லை.

உங்கள் ஆட்கள் முதல் வாரத்தில் "கோட்டாவில் வந்தவர்" என்று பேசுவார்கள். இதுவும் தெரிந்திருக்கட்டும்: இந்த ஒதுக்கீடு வகுப்புவாரியான 69 விழுக்காட்டின் மேல் தனியாகக் கட்டிய மாடி இல்லை. அது குறுக்கே ஓடுவது. பிற்படுத்தப்பட்டவரோ பட்டியல் வகுப்பினரோ பொதுப்பிரிவோ, தேர்வாகிற மாற்றுத்திறனாளி அவரவர் பிரிவின் கணக்கிலேயே சேர்வார். இருபத்தைந்து இடத்துக்கு ஒன்று. அதையும் பல துறைகள், "இந்தப் பதவி அவர்களுக்கு ஏற்றது என்று அடையாளம் காணப்படவில்லை" என்று சொல்லிச் சுருக்கிக்கொண்டிருந்தன. மொத்தக் காலியிடத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், அடையாளம் கண்ட பதவிகளை மட்டும் வைத்துப் போடக்கூடாது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு வேறு வழியில் சுருங்குகிறது. கடைநிலைப் பணிகள் பல வெளிமுகமைக்குப் போய்விட்டன. ஏஜென்சி அனுப்பும் ஆளுக்கு இனச்சுழற்சி என்ற வகுப்புவாரி வரிசையும் கிடையாது, நாலு விழுக்காடும் கிடையாது. நான் சேர்ந்த காலத்தில் எங்களில் பலர் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தோம்.

இது உங்கள் அலுவலகத்து மற்றவர்களுக்கும் சம்பந்தப்பட்ட சட்டம் என்பதைச் சொன்னால் பேச்சு கொஞ்சம் அடங்கும். பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவியிறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை உபரிப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் 2003லேயே, பழைய சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஓட்டுபவர், யானைக் காட்டில் ரோந்து போகிறவர், தேயிலைக் கழகத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவர், இவர்களெல்லாம் இந்த மாவட்டத்தில் அரசு அல்லது அரசு நிறுவன ஊழியர்கள். முதுகெலும்பு அடிபட்ட ஓட்டுநர் ஒருவருக்கு விருப்ப ஓய்வு எழுதி வாங்க ஒரு அலுவலகம் தயாராக இருந்தது. மகன் அப்போது பிளஸ் டூ. சட்டத்தைப் படித்த எழுத்தர் ஒருவர் தடுத்தார். அந்த ஓட்டுநர் மேலும் ஒன்பது வருடம் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கோப்பு கேட்டால் எழாமலே எந்த அலமாரி, எந்த அடுக்கு என்று சொல்வார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியை மறக்காதீர்கள். முறை வரும்போது அவர் பெயரையும் அனுப்புங்கள். "அங்கே போய் என்ன செய்வார், பாவம்" என்று விட்டுவிட்டால் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை தள்ளிப்போகும், அதோடு ஊதிய உயர்வும் பதவி உயர்வும் வரிசையாக நிற்கும். பயிற்சி நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, பாடக்குறிப்புகளை யூனிகோடில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். துறைத் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்றால் அதற்கும் நேரத்தோடு விண்ணப்பிக்க நினைவூட்டுங்கள்.

சேரும் நாளன்று, மாலையும் சால்வையும் வேண்டாம். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். பஸ் இறங்கும் இடத்திலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை, வாசலிலிருந்து இருக்கை வரை ஒருமுறை, இருக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒருமுறை. படிகளை அவர் எண்ணிக்கொள்வார், நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள். டீக்கடையையும் காட்டிவிடுங்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பதினோரு மணிக்கு அவர் தானாக எழுந்து போவார். நீங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. பின்னால் ஆளை மட்டும் அனுப்பாதீர்கள்.